உற்சவர் போல்ட்

எங்கள் ஆலையில் எந்த வேலையைத் தொடங்கவும் வாங்க வேண்டிய பெர்மிட் இப்போது கைப்பேசியில் வருகிறது. போன மாதம் பழைய சகாக்களைப் பார்க்கப் போயிருந்தபோது எடுத்துக் காட்டினார்கள். திரையில் கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் பச்சை விளக்கு எரிகிறது, வேலையைத் தொடங்கலாம். ஒரே ஒரு சிக்கல்தான். தீப்பிடிக்கும் பகுதியைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் உள்ளே போய் வேலை நடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, பார்த்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு தொடுகிறார்கள்.

“முன்னாடி எப்படி சார் பண்ணுனீங்க?” என்று அங்கே ஒரு இளம் பொறியாளர் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். வைத்தியலிங்கம் சார் பெயரை எடுத்த இடத்திலேயே ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. பாதுகாப்பு வார மலருக்கு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாள்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. கிழமை, தமிழ் மாதம், மழை பெய்ததா இல்லையா என்பதெல்லாம் இல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொல்ல எனக்கு வராது. இந்தக் கட்டுரையில் வருடத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முதலாளி குடும்பத்தார் நன்றாக இருக்கிறார்கள். பேத்தி கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

ஆவூர்ப் பக்கம் பிறந்து, ஐடிஐ முடித்து, திருச்சியில் சில கம்பெனிகளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகி, ஒரு தை மாதத்து வியாழக்கிழமை கறம்பக்குடிச் சாலையில் இருக்கும் இந்தத் தவிட்டெண்ணெய் ஆலையில் சேர்ந்தேன். ஓய்வு பெற்றபோது ஷிப்ட் சூப்பர்வைசர். நடுவில் நடந்ததை எல்லாம் எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது.

தெரியாதவர்களுக்காக ஆலையைப் பற்றிக் கொஞ்சம். அரிசி ஆலையிலிருந்து வரும் தவிட்டை எக்ஸ்ட்ராக்டர் என்ற பெரிய இயந்திரத்துக்குள் போட்டு, சால்வென்ட் என்ற திரவத்தால் நனைப்போம். அது தவிட்டில் இருக்கும் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். குணம் பெட்ரோல் மாதிரி. அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. தரையோடு தவழ்ந்து போய், குழி கண்ட இடத்தில் உட்கார்ந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் எங்கள் ஆலையின் மற்ற சட்டங்கள் எல்லாம் தாமாகவே புரிந்துவிடும்.

வைத்தியலிங்கம் சார் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. நெற்றி நிறையத் திருநீறு. குரலை உயர்த்தி ஒரே ஒரு முறைதான் நான் கேட்டிருக்கிறேன். பெர்மிட் கேட்டு யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார். பச்சைப் புத்தகமா, சிவப்புப் புத்தகமா என்று எடுத்து வைப்பார். பச்சை சாதாரண வேலைக்கு. சிவப்பு, நெருப்போ பொறியோ வரக்கூடிய வேலைக்கு. வேலை விவரம் எல்லாம் எழுதிக்கொண்டபின் பேனாவை மூடி வைத்துவிட்டு, நலம் விசாரிக்கிற மாதிரி கேட்பார்:

“சரி. இந்த வேலைல நீங்க எப்படிச் சாவீங்க?”

“ஒண்ணும் ஆகாது சார்” என்று சொன்னவர்களுக்குப் பெர்மிட் கிடையாது. “கவனமா இருப்பேன் சார்” என்றாலும் கிடையாது. எப்படிச் சாகலாம் என்று தெரிந்தவனுக்குத்தான் எப்படிச் சாகாமல் இருப்பது என்று தெரியும் என்பது அவர் கட்சி. தொழிலாளிகள் இதற்கு ‘சாவு சொல்றது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் அவர் அறை வாசலில், “என்னப்பா, சாவு சொல்லியாச்சா?” “எனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்கண்ணே” என்று சர்வ சாதாரணமாகப் பேச்சு நடக்கும். வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, தவிட்டை இறக்காமலே திரும்பிப் போகப் பார்த்தார்.

சின்னையா என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். நல்ல வேலைக்காரர், அவசரக்காரர். ஒருநாள் தொட்டி மேல் பெயின்ட் அடிக்கப் பெர்மிட் கேட்டு வந்தார்.

“ஏணி வழுக்கி விழுந்து சாவேன் சார்.”

“எந்தப் பக்கம் விழுவீங்க?”

“வடக்கால.”

“வடக்கால என்ன இருக்கு?”

சின்னையா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “ஸ்டீம் லைன் போவுது சார்.”

“அப்ப விழுந்து சாகமாட்டீங்க. வெந்துதான் சாவீங்க. போயி பாத்துட்டு, திரும்ப யோசிச்சிட்டு வாங்க.”

சின்னையா போய்ப் பார்த்தார். ஏணியைத் தெற்குப் பக்கம் மாற்றிப் போட்டு, மேலே கயிற்றில் கட்டிவிட்டு வந்து, “இப்ப சாகுறதுக்கு ஒண்ணும் தோணலயே சார்” என்றார் கவலையாக. கையெழுத்து கிடைத்தது.

இது வீடுவரை போய்விட்டது. ஒரு ஆடி வெள்ளிக்கிழமை சின்னையாவின் மனைவி கேட்டில் வந்து நின்றார். “காலங்காத்தால சாமி கும்பிட்டு, திருநீறு பூசி அனுப்பி வைக்கிறேன். இங்கிட்டு வந்தா தெனமும் எப்படிச் சாவேன்னு கேக்குறீங்களாமே? இது அடுக்குமா சார்?”

வைத்தியலிங்கம் சார் கோபப்படவில்லை. “நீங்களே சொல்லுங்கம்மா. அவரு எப்படிச் சாவாருன்னு நெனக்கிறீங்க?”

“இப்படியே லேட்டா வீட்டுக்கு வந்துகிட்டிருந்தா, என் கையாலதான்.”

“பாத்தீங்களா, நீங்களும் யோசிச்சுத்தான் வச்சிருக்கீங்க” என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போனார். சின்னையா அன்றிலிருந்து நேரத்தோடு வீட்டுக்குப் போனார்.

இனி ஆயுத பூஜை.

எங்கள் ஆலையில் அது கேட் அருகே உள்ள பிள்ளையார் மேடையில் நடக்கும். அந்த இடம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. நெருப்புக்கு அங்கே தடையில்லை. அந்த வருஷம் எக்ஸ்ட்ராக்டர் அடிக்கடி படுத்துக்கொண்டது. முதலாளி யாரோ ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை வைத்தியலிங்கம் சாரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன்.

“இந்தத் தடவ எக்ஸ்ட்ராக்டருக்கே நேரா சூடம் காட்டணும்” என்றார் முதலாளி.

“உள்ள சூடம் கொளுத்த முடியாதுங்க.”

“அன்னிக்குத்தான் மெஷினு ஓடாதே. நிறுத்தித்தானே வச்சிருக்கும்?”

“நிறுத்துன மெஷின்தாங்க ஜாஸ்தி ஆபத்து. ஓடுறப்ப ஆவி குழாய்க்குள்ள போயிக்கிட்டு இருக்கும். நிறுத்துனா எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம வெளிய வந்து உக்காந்துக்கும்.”

“வைத்தியலிங்கம், நீங்களும் சாமி கும்பிடுறவருதானே? இந்த வருஷம் சூடம் காட்டலைன்னா, அடுத்த வருஷம் இந்த ஆலையும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க.”

வைத்தியலிங்கம் சாருக்கு அப்போது இரண்டு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒன்றைச் சொன்னால் செய்துவிடுகிறவர் என்பதும் எங்களுக்குத் தெரியும். சார் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு சொன்னார்:

“சூடம் மெஷின்கிட்ட போகக் கூடாதுங்க. ஆனா மெஷின் சூடத்துகிட்ட வரலாம்.”

“என்னய்யா சொல்றீங்க?”

“கோயில்ல மூலவர் உள்ளதாங்க இருக்காரு. வெளிய வந்து காட்சி குடுக்குறது உற்சவர். ஒவ்வொரு மெஷின்லேர்ந்தும் ஒரு போல்ட்டக் கழட்டுவோம். அதுதான் உற்சவர். பிள்ளையார் மேடையில வச்சு, அதுக்குத் தீபாராதனை காட்டுவோம். பலன் மூலவருக்குப் போயிரும்.”

முதலாளி கோபப்படுவதா, யோசிப்பதா என்று தெரியாமல் இருந்தார். பக்கத்து அய்யனார் கோயிலில் பூஜை செய்து, வெள்ளிக்கிழமைகளில் குறியும் சொல்லும் காத்தமுத்துப் பூசாரிக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். “அது சரியாத்தான் இருக்குங்க. உற்சவர் போல்ட்டுக்குப் பட்டுத்துணி கட்டணும்” என்று பதில் வந்தது.

போல்ட்டுகளைக் கழற்றுவதும் வேலைதானே? ஒவ்வொன்றுக்கும் பச்சைப் பெர்மிட் எழுதப்பட்டது. சின்னையா ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகச் சாவு சொன்னார். பாய்லர் ஃபேன் அருகே வந்தபோது, “சார், எனக்கு இருக்குறது ஒரு உசிரு. எத்தன தடவதான் சாகுறது?” என்று கெஞ்சினார். சார் விடவில்லை. கடைசியில் போல்ட்டுகள் எல்லாம் சீட்டுக் கட்டி, பெயர் எழுதி, ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் இறங்கின. நடுவில் எக்ஸ்ட்ராக்டர் போல்ட் மட்டும் சிவப்புப் பட்டோடு தனி ஆசனத்தில்.

பூஜையன்று காலை பூசாரி வந்தார். சூடம் ஏற்றுவது நெருப்பு வேலை. சிவப்புப் புத்தகம் எடுக்கப்பட்டது. வேலையின் பெயர் தீபாராதனை. கருவிகள் தீப்பெட்டி, சூடம், தட்டு. பணி முடிந்தபின் இடம் சுத்தம் செய்யப்படும் விதம்: உடைத்த பூசணிக்காய் சாலையில் வண்டி வழுக்காதபடி உடனே அள்ளப்படும். நெருப்புக்குக் காவல் நான். மணல் வாளியோடு ஒரு கிறிஸ்தவன் பிள்ளையாருக்கு முன்னால் காவல் நிற்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. எனக்கும் இல்லை.

பேனா மூடப்பட்டது. “சரி பூசாரி. இந்த வேலைல நீங்க எப்படிச் சாவீங்க?”

காத்தமுத்துப் பூசாரி எழுந்தேவிட்டார். “என்ன சார் இது! நல்ல நாளும் அதுவுமா! நான் ஊருக்கே ஆயுசு சொல்றவன். என்கிட்டயா?”

“அதனாலதான் கேக்குறேன். ஒங்களுக்குச் சொல்ல வராதா?”

“வராம என்ன. சொல்லக் கூடாதுங்க.”

“அப்ப கையெழுத்து இல்லீங்க.”

வெளியே முதலாளியின் கார் வந்து கேட்டுக்கு உள்ளே, வழக்கமான இடத்தில் நின்றது. மைக் செட்டில் சாமிப் பாட்டு தொடங்கியது. பூசாரி வாசலையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “காத்துல என்ன கெடக்குன்னு தெரியாம குச்சியக் கிழிப்பேன். குப்புனு புடிக்கும். தீஞ்சு சாவேன். போதுமா?”

“போதும். அருளப்பன், குச்சி கிழிக்கிறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க. தரையோட பாருங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காற்றில் ஆவி இருந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் அந்த மீட்டரை, அதே காலையில் நானே அங்கே வைத்துப் பார்த்திருந்தேன். சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. திரும்பப் பார்ப்பது சடங்கு என்றுதான் நினைத்தேன்.

மேடையைச் சுற்றிக் கூட்டம். நல்ல நேரம் முடியப் போகிறது என்று முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலிருந்து வந்த பூசணிக்காயில் குங்குமம் நிரப்பி, அதற்குள் ஒரு பழைய அம்மன் காசு போட்டிருந்தார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்தில் இங்கே நவராத்திரியின்போது அரிசியோடு ஜனங்களுக்குக் கொடுத்த காசு அது. கிட்டே போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் என் கையில் மீட்டர்.

பூசாரி இடது கையில் மணியை ஆட்டியபடியே தீப்பெட்டியை எடுத்தார். நான் குனிந்து, மேடையை ஒட்டி ஓடும் சாக்கடையின் சிமென்ட் மூடி இடுக்கில் மீட்டரை நீட்டினேன். மணிச் சத்தம், பாட்டுச் சத்தம். மீட்டர் கத்துவது எனக்கே கேட்கவில்லை. அதன் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதைத்தான் பார்த்தேன்.

“நிறுத்துங்க! சார், அலாரம்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வைத்தியலிங்கம் சார் ஒரே எட்டில் வந்து மீட்டரைப் பார்த்தார்.

“பேட்டரி போயிருக்கும்யா” என்றார் முதலாளி. “நேரம் முடியுது. பூசாரி, நீங்க ஏத்துங்க.”

பூசாரியின் விரல்களுக்கு நடுவில் குச்சி. குச்சியின் தலை பெட்டியின் பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் மணியை நிறுத்தினார். இப்போது மீட்டரின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“அது என்னத்துக்குங்க கத்துது?” என்று என்னிடம் கேட்டார்.

“சாக்கடைக்குள்ள சால்வென்ட் ஆவி நிக்கிது பூசாரி.”

“ஏத்துங்கங்குறேன்ல!” என்றார் முதலாளி.

காத்தமுத்துப் பூசாரி குச்சியை மெதுவாக, ஒரு குழந்தையைத் தூங்கப் போடுகிற மாதிரி, பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினார். “மன்னிக்கணும் முதலாளி. இத்தன வருசமா நான் ஊருக்குச் சொன்ன வாக்கு ஒண்ணுகூடப் பலிச்சதில்ல. காலையில எனக்கே சொல்லிக்கிட்ட இது ஒண்ணு மட்டும் பலிக்கணுமா?”

சொல்லிவிட்டுத் தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். அவர் நடந்ததும் கூட்டமும் நடந்தது. யாரோ மைக் செட்டை நிறுத்தக் கை நீட்டினார்கள். அன்று ஒரே ஒரு முறைதான் வைத்தியலிங்கம் சார் குரலை உயர்த்தியது. “சுவிட்ச்சத் தொடாதீங்க! அணைச்சாலும் பொறி வரும். ஓடுறது ஓடட்டும், எல்லாரும் ரோட்டுக்குப் போங்க!”

ரோட்டைத் தாண்டி, காற்று எங்களிடமிருந்து ஆலைப் பக்கம் அடிக்கும் வயல் வரப்பில் எல்லோரும் போய் நின்றோம். முதலாளி, பூசாரி, தாம்பாளத்தில் போல்ட்டுகள், உடையாத பூசணிக்காய். ஆளில்லாத ஆலைக்குச் சாமிப் பாட்டு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மின்வாரியத்துக்காரர்கள் வந்து வெளியே டிரான்ஸ்பார்மரில் இணைப்பைத் துண்டித்தபின்தான் பாட்டு நின்றது.

அங்கே வரப்பில் வைத்துத்தான் விசாரணை. “சாக்கடைல சால்வென்ட் ஊத்துனது யாரு?”

சின்னையா முன்னால் வந்தார். உற்சவர்கள் பிசுக்கோடு போனால் நன்றாக இருக்காது என்று, மீட்டர் பார்த்துவிட்டு நான் போன பிறகு, தொட்டி வால்விலிருந்து வாளியில் சால்வென்ட் பிடித்து எல்லா போல்ட்டையும் கழுவியிருக்கிறார். அவை வெள்ளி மாதிரி மின்னியதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் மெஷின் தரையையும் அதாலேயே கழுவிவிட்டார்கள். அழுக்குத் தண்ணீரோடு சேர்ந்து எல்லாம் மேடைப் பக்கம் ஓடி வரும் அந்தச் சாக்கடையில்.

“பெர்மிட் வாங்குனீங்களா?”

சின்னையா நிஜமாகவே குழம்பிப்போனார். “அது வேல இல்லையே சார். பூஜைக்குச் சுத்தம் பண்றதுதானே?”

எங்கள் பெர்மிட் முறையில் இருந்த ஓட்டை அதுதான். போல்ட்டைக் கழற்றச் சாவு கேட்டோம். சூடம் ஏற்றச் சாவு கேட்டோம். பக்தியோடு செய்கிற காரியத்தில் சாவு இருக்குமென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஆயுத பூஜைச் சுத்தத்துக்குத் தனிப் பெர்மிட். தண்ணீரும் சோப்பும் மட்டும்.

ஆனால் அடுத்த வருஷம் சார் இருப்பாரா என்பதுதான் அப்போது கேள்வி. நல்ல நேரம் போய்விட்டது. முதலாளி முகம் கறுத்து நின்றார். உயிர் தப்பியது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. சகுனம் தப்பியது உறைத்துவிட்டது.

“நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம், வைத்தியலிங்கம்.”

“சரிங்க.”

முதலாளி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கப் போனார். சார் குறுக்கே போய் நின்றார்.

“காரை இப்ப எடுக்க முடியாதுங்க. சாக்கடை மேலதான் நிக்கிது.”

“அதச் சொல்ல நீங்க யாரு? ஒங்களத்தான் நிறுத்தியாச்சே.”

“நாளைலேர்ந்துதாங்க. இன்னிக்கு இருக்கேன்.”

“ஸ்டார்ட் பண்ணலய்யா. ஆளுகள விட்டுத் தள்ளச் சொல்றேன்.”

“தள்ளுறதுக்குக் கதவத் திறக்கணும். திறந்தா உள்ள லைட்டு எரியும்.”

முதலாளி சாவியைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். புதுக்கோட்டைப் பேருந்து வந்துகொண்டிருந்தது. பூசணிக்காயை வரப்பில் விட்டுவிட்டுப் போவது அபசகுனம் என்று பூசாரி சொன்னதால் அதையும் தூக்கிக்கொண்டு ஏறினார். “பூசணிக்காயக் கால்கிட்ட வச்சுக்கங்கண்ணே, ஆளு நிக்கணும்” என்று கண்டக்டர் சொல்வது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சிரிக்கத் துணிவில்லை.

சாக்கடை மூடிகளைத் திறந்து, தண்ணீர் விட்டு அலசி, இரவு முழுக்கக் காற்றாட விட்டோம். மறுநாள் விஜயதசமி. காலையில் முதலாளி பேருந்தில் வந்து இறங்கினார். வைத்தியலிங்கம் சார் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வேலை இல்லாதவர் உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். அதை எழுதியவரே அவர்தான்.

காவலர் முதலாளியிடம், “சேப்டி ஆபிசர் கையெழுத்து இல்லாம வண்டிய வெளிய விட முடியாதுங்க” என்றார் ஸ்டூலை விட்டு எழுந்தபடி.

“போடுங்க” என்றார் முதலாளி, சாரைப் பார்க்காமல்.

“நான் வேலைல இல்லீங்களே. போட்டாச் செல்லாது.”

முதலாளி காவலரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பேருந்தில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். “காரை எடுக்குற வரைக்கும் வேலைல இருங்க. போதுமா?”

நான் மீட்டரோடு உள்ளேயிருந்து வந்தேன். எல்லா இடத்திலும் பூஜ்யம். அதைச் சாரிடம் கொடுத்தபோது எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. ‘இன்னும் கொஞ்சம் ஆவி இருக்கு’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வேலை அன்றைக்கு முடியாது, நாளைக்கும் முடியாது. முதலாளியால் அதைச் சரிபார்க்கவே முடியாது. சாரின் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

“வண்டிக்கு அடியிலயும் பாத்தீங்களா, அருளப்பன்?”

“பாத்தேன் சார்.”

“சுத்தம்ங்க. எடுத்துக்கலாம்” என்று கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

கார் கிளம்பியது. கேட்டைத் தாண்டி நின்றது. கண்ணாடி கீழே இறங்கியது.

“அந்த எக்ஸ்ட்ராக்டர் போல்ட்ட இன்னிக்கே மாட்டணும்ல?” என்றார் முதலாளி.

“ஆமாங்க.”

“அதுக்குப் பெர்மிட் யாரு எழுதுறது?”

முதலாளி வண்டியை மறுபடி கியரில் போட்டார்.

“போயி எழுதுங்கய்யா.”

கார் சாலையில் திரும்பி மறைந்தது. வைத்தியலிங்கம் சார் கேட்டுக்கு வந்து, தீப்பெட்டி இருக்கிறதா என்று காவலர் சோதனை போடுவதற்காக, எங்களைப் போலவே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.